ஆறு வற்றிய நல்ல நேரம்

அடுப்படிப் பலகைச் சுவரின் இடுக்கு வழியாகத்தான் என் மாமியாரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆற்றுச் சேற்றில் தட்டி நின்றுவிட்ட சம்பான் படகில் அவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு. தட்டின் மேல் ஒரு கைக்குட்டை. அவரைச் சுற்றி எந்தப் பக்கமும் தண்ணீர் இல்லை.

அப்போது அவர் எனக்கு மாமியார் ஆகியிருக்கவில்லை. டவுனிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள், அவ்வளவுதான். நான் அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டி, தலை கனக்கப் பூ வைத்து, காபித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

போன வாரம் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதை என் மகள் படித்தாள். "அடுத்து உங்க கல்யாணத்தப் பத்தி எழுதுங்கம்மா, அந்தச் சேத்துக் கதை" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் பேனாவைத் தொடாமலே நாட்களைக் கடத்தினேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது.

தண்ணீர் இருக்கும்வரை

எங்கள் ஊரை ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சிங்கப்பூரின் வடக்கு ஓரம். ஒரு சின்ன ஆறு கடலில் சேரும் இடம். கரையில் மரக்கால் நட்டுக் கட்டிய மலாய்க்காரர் வீடுகள் சில. அவற்றை ஒட்டி எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். பின்னால் ரப்பர் தோட்டம். அதில் அப்பாவுக்குக் காவல் வேலை.

எதிரே கடல்தான், ஆனால் அகலமில்லாத கடல். அதற்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர். சாயங்காலம் ஆனால் ஜொகூரில் விளக்கு ஏற்றுவது எங்கள் வாசலிலிருந்து தெரியும். டவுனில் சிராங்கூன் ரோட்டு விளக்கை நான் பெரியவளாகும்வரை பார்த்ததில்லை.

அக்கரைக்குச் சம்பானில் போய், மண்பாதையில் நடந்தால் பஸ் ரோடு வரும். அங்கே நின்று ஒரு பக்கம் போனால் டவுன். இன்னொரு பக்கம் போனால் பாலம், ஜொகூர். டவுன் தூரம், ஜொகூர் கிட்டே. அதனால் எங்களுக்கு அரிசி, துணி, வைத்தியர், சினிமா எல்லாமே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

ஆறு கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது பார்த்தால் எங்கள் ஊர் படத்தில் வரைந்த மாதிரி இருக்கும். இறங்கிவிட்டால் அடியில் கிடப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். உடைந்த பானை, மீன் முள், பழைய பாய், இன்னும் சொல்லக்கூடாதவை. ஏனென்றால் எங்கள் கழிப்பிடமும் ஆற்றுக்கு மேல்தான். ஜம்பான் என்று மலாயில் சொல்வோம். கரையிலிருந்து இரண்டு பலகை நீட்டி, முனையில் நாலு கம்பு நட்டு, கதவுக்குப் பதில் ஒரு கோணிச்சாக்கு. தண்ணீர் இருக்கும் நேரத்தில் அது ஒரு அறை. இல்லாத நேரத்தில் அதைப் பற்றிப் பேச முடியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடு

எங்கள் ஆற்றங்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே யாருக்கும் சொல்ல மாட்டோம். எங்கள் பெண்களை எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதில்லை.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஜொகூர் பாருவில் கல்வீட்டில் இருந்தார். முன்னறையில் கண்ணாடி ஜன்னல், பிரம்பு நாற்காலிகள், சுவரில் கடிகாரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான் தலை குனிந்து நின்றார்கள். என் அக்கா நின்றாள். பக்கத்து வீட்டு இரண்டு பெண்களும் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதுதான் பெண்ணின் வீடு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தாலி ஏறிய பிறகு ஆற்றைப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன?

எனக்கு அந்த வீட்டில் கண்ணாடி ஜன்னல் மேல் ஆசை இருந்ததில்லை. பின்கட்டில் சிமெண்டு கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்கு மரக்கதவு. கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். போகும்போதெல்லாம் தேவையே இல்லாமல் உள்ளே போய் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, போட்டு நிற்பேன். "இந்தப் பொண்ணுக்கு வயித்துல என்னமோ கோளாறு" என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னாராம்.

புத்தகம் கேட்ட வருஷம்

எனக்குக் கல்யாணம் அமைவதற்குள் சிங்கப்பூரும் மலேசியாவும் பிரிந்து நாடு இரண்டாகிவிட்டது. கொஞ்ச நாளில் பாலத்தில் ஆட்களை நிறுத்திப் புத்தகம் கேட்க ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட்டைத்தான் நாங்கள் புத்தகம் என்போம்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஜாலான் புசாரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் இரும்புச் சாமான் கடையில் வேலை, அப்பா இல்லை, அம்மா உண்டு, தங்கமான குடும்பம் என்று சொன்னார்கள். எனக்கு அப்போது வயது ஏறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் பெரியம்மா வீட்டில் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். தோட்டத்தையும் மூடப் போவதாகப் பேச்சு. "இதுவும் போனா இந்த ஆத்துக்கு வேற எவன் வரப் போறான்?" என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பையனின் தாய்மாமன்தான் பேச்சுக்கு வந்தவர். அப்பா அவரை பஸ் ரோட்டுக் காபிக்கடையில் வைத்துப் பார்த்தார். வழக்கம்போல ஜொகூர் வீட்டைச் சொன்னார்.

"அண்ணே, பாலத்துல புத்தகம் கேக்கறான்லா. எங்கக்காகிட்ட ஏது புத்தகம்? படம் புடிக்கவே பயப்படுது. பொண்ணு பார்க்கறதுக்கு எதுக்குண்ணே வெளிநாடு போகணும்? நீங்க குடியிருக்கறது இந்தப் பக்கம்தானே? அங்கேயே வந்துடறோம்."

அப்பாவால் மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "உங்க வீட்டுக்கு வரோம்" என்று சொல்லும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பெரியம்மாவின் பிரம்பு நாற்காலிகளையாவது வரவழைக்கலாம் என்று அம்மா நினைத்தாள். நாற்காலிக்கும் வரி கேட்பார்களாம் என்று யாரோ சொன்னார்கள். அதையும் விட்டோம்.

பௌர்ணமி, மூன்றரை மணி

அவர்கள் நாள் பார்த்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை, நிறைந்த பௌர்ணமி. மூன்றரைக்கு மேல் நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பையனின் அம்மா கண்டிப்பாகச் சொன்னதாகத் தகவல்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"பௌர்ணமியா? பௌர்ணமி அன்னிக்கு மூணரைக்கு ஆத்துல என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஆறு அளவுக்கு மீறி ஏறும், அளவுக்கு மீறி இறங்கும். அன்று காலையில் வீட்டுப் படி நனையும். சாயங்காலம் ஆற்றைத் தேட வேண்டும்.

"காலையில வரச் சொல்லுங்க."

"பஞ்சாங்கம் பார்த்துக் குறிச்சுக் குடுத்திருக்காங்க. மாத்துங்கன்னு பொண்ணு வீட்டுக்காரன் எப்படிச் சொல்றது?"

"தண்ணி இருக்காதுன்னு சொல்லுங்க."

"எங்க ஊர்ல தண்ணி இருக்காதுன்னு சொல்லவா?" அப்பாவின் குரல் இறங்கிப்போயிற்று. "அதுக்குச் சும்மா இருந்துடலாம்."

மறுநாளிலிருந்து அம்மா வீட்டுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் கூடையில் வாரிக் கொண்டுபோய்த் தோட்டத்தில் புதைக்கத் தொடங்கினாள். நானும் கூட வாரினேன். வாரி முடியவே இல்லை.

சம்பான்

அவர்கள் வாடகைக் காரில் வந்தார்கள். அப்பா அக்கரைக்கே போய்க் காத்திருந்து வரவேற்றார். படகோட்டி பாக் சமாட் எங்கள் ஊர்ப் பெரியவர். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆயேர் தாடா" என்று கையை விரித்தார். தண்ணீர் இல்லை, காத்திருங்கள் என்று அர்த்தம். தாய்மாமன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அப்பா பாக் சமாட்டின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே துடுப்பை எடுத்தார்.

நடு ஆறு தாண்டி, எங்கள் கரை கிட்டே வந்த நேரத்தில் சம்பான் தட்டியது. பிறகு அசையவில்லை. மீதமிருந்த தண்ணீரும் கண்ணெதிரே வடிந்து போயிற்று.

இப்படித்தான் நான் அடுப்படி இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளினார். இடுப்புவரை உள்ளே போனார். மாப்பிள்ளையும் ஒரு காலைக் கீழே வைத்துப் பார்த்தார். கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. பாக் சமாட் சுருட்டைப் பற்ற வைத்து, தண்ணீர் வந்தால் போகலாம் என்ற மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

தாய்மாமனுக்கு மட்டும் வாய் ஓயவில்லை. சேற்றுவெளியில் அவர் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

"அண்ணே, உங்க ஊர்ல சாயங்காலம் ஆனா ஆத்தச் சுருட்டி வச்சிருவீங்களோ?"

அப்பா சிரித்தார்.

"பொண்ணு வீட்டுல என்ன இருக்குன்னு கேட்டேன், எல்லாம் இருக்குன்னீங்க. தண்ணி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலியே! பௌர்ணமின்னா அங்க எல்லாம் பாயசம் குடிப்பாங்க, இங்க எல்லாம் சேறு குடிப்பீங்களா?"

அப்பா அதற்கும் சிரித்தார். இடுப்புவரை சேற்றில் நின்றுகொண்டு, தன்னையே கேலி செய்கிறவரோடு சேர்ந்து சிரித்தார். பிறகு பையனின் அம்மாவைப் பார்த்து, தான் முதுகில் தூக்கிக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டுவிட்டார். வேறு வழி தெரியாமல் கேட்டதுதான். அந்த அம்மாள் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்தார். தாய்மாமன்கூட ஒரு நிமிஷம் பேசவில்லை.

அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. அப்பா இன்னொரு தடவை சிரிப்பதற்குள் நான் வெளியே வந்திருந்தேன்.

பலகை

நாங்கள் தண்ணீர் இறங்கிய சேற்றில் சிப்பி பொறுக்குகிறவர்கள். அதற்கு ஒரு நீளப் பலகை உண்டு. ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மற்ற காலால் சேற்றை உதைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் புதைய மாட்டோம். முன்பக்கம் சிப்பிக் கூடை வைப்போம். ஆண்கள் அதைத் தொட மாட்டார்கள். அது பொம்பளைகள் வேலை.

பட்டுப்புடவையைத் தொடைவரை இழுத்துச் செருகினேன். "அஞ்சல! எங்கடி போற? ஏய், அது என் கல்யாணப் பொடவடி!" என்று அம்மா பின்னால் ஓடி வந்தாள். நான் பலகையைச் சேற்றில் தள்ளி ஏறிவிட்டேன்.

போகும்போது தலையை நிமிர்த்தவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன் தலை குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்றாவது நடந்தது. பூ அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. படகில் மோதி நின்றபோது என் ஒரு கால் தொடைவரை கறுப்பு.

"இது யாரு?" என்றார் தாய்மாமன்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பலகையின் முன்பக்கத்தைக் கையால் துடைத்துக் காட்டினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தட்டை மகனிடம் கொடுத்தார். குடையைத் தம்பியிடம் கொடுத்தார். "அக்கா, விழுந்துடுவீங்க" என்று அவர் தம்பி சொல்லச் சொல்ல, கூடை வைக்கிற இடத்தில் இறங்கி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த உடம்பு. அதைவிடச் சிப்பிக் கூடையே கனம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுவரைதான்.

கோணிச்சாக்கு

படகை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்ததும் அவர் விரல்கள் என் தோளில் அழுந்தின. நகம் பதிந்தது. விழப் போகிறார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"நிறுத்தாத, நிறுத்தாதம்மா" என்றார். "மத்தியானமே வீட்ட விட்டுக் கெளம்புனது. படகுல ஆம்பளைங்க... அம்மாடி, ஒதுங்க எடம் இருக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. வீட்டுக்கு அடியில் வாரினோம், தரையை மெழுகினோம், காபிக்கு நல்ல கோப்பை இரவல் வாங்கினோம். எது நடந்தாலும் தண்ணீர் ஏறும்வரை வந்தவர்கள் ஜம்பான் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சாமியை வேண்டிக்கொண்டாள். இப்போது நானே பலகையை அங்கே திருப்பினேன்.

அடியில் கிடந்ததெல்லாம் கிடந்தது. சேற்று மீன்கள் துள்ளின. நாற்றம் எனக்குப் பழகியது. அவருக்குப் பழகியதில்லை. ஆனால் அவர் மூக்கைப் பொத்தவில்லை. அதற்கு நேரமில்லை. நான் அவரை மேலே பலகையில் ஏற்றிவிட்டேன். பலகை ஆடியது. சாக்கு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. காற்றில் விலகாமல் இருக்க அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றேன்.

"அங்கேயே இருக்கியா?"

"இருக்கேன்."

"திரும்பிப் பாக்காத."

"பாக்கல."

பிறகு உள்ளே அவர் அழுகிற மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டு அழுதார். இப்படி ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்றா, முன்பின் தெரியாத பெண்ணிடம் மானம் போயிற்றே என்றா, எனக்குத் தெரியாது. இனி என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அம்மாளுக்கு இதுதானே ஞாபகம் வரும்? எந்த மாமியார் அப்படி ஒரு மருமகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள்? சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா கெஞ்சியது, அம்மா வாரியது எல்லாம் வீண்.

அவர் வெளியே வந்ததும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அவர் குனிந்து, என்னைக் கேட்காமலே, குவளையை வாங்கி என் காலில் ஊற்றினார். சேறு போகவில்லை. இன்னொரு குவளை ஊற்றினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பார்த்தாச்சு

ஆண்கள் வந்து சேரும்போது விளக்கு ஏற்றியாயிற்று. தண்ணீர் ஏறி, பாக் சமாட் ஒன்றுமே நடக்காதது போலத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து விட்டார். மாப்பிள்ளை ஒற்றைச் செருப்போடு இறங்கினார். அப்பா பின்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். உள்ளே வர அவருக்கு மனமில்லை.

தாய்மாமன் உட்கார்ந்தவுடன் பேச்சை எடுத்தார். "ராகு காலம் வந்து போயிடுச்சு. சகுனமே சரியில்ல. வீட்டுல போய்ப் பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

அந்தப் பேச்சு எங்களுக்குப் பழகியது. ஜொகூர் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தப் பேசறது?" என்றார் அந்த அம்மாள். "நான் பொண்ணப் பார்த்தாச்சு."

"எங்கேக்கா பார்த்தீங்க? பொண்ணு இன்னும் காபியே கொண்டாரல."

"ராகு காலத்துக்கு முன்னாடியே பார்த்தாச்சு. உன் கையிலதானே கடிகாரம் இருக்கு? நீ பார்க்கலன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" மகன் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

மாப்பிள்ளை தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு, "நானும் பார்த்தேன்" என்றார். காது சிவந்திருந்தது. என் தொடையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அன்று அவர்களுக்குக் காபி கொடுத்தது அம்மாதான்.

தாழ்ப்பாள்

கல்யாணமாகி ஜாலான் புசார் பக்கம் கடைவீட்டு மாடிக்கு வந்தேன். டவுன் வீடு எப்படியிருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு ஒரு சிரிப்பு காத்திருந்தது. மாடி முழுக்கக் குடித்தனங்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரே வாளிக் கக்கூஸ். கதவு உண்டு, தாழ்ப்பாள் கழன்று போய் வெகுநாள். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். முதல் நாள் காலையில், எனக்கு அத்தையாகிவிட்ட அந்த அம்மாள் என்னை அங்கே அழைத்துப் போனார். திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் போனால் நான் நிற்பேன், நான் போனால் அவர் நிற்பார்.

கல்யாண வீடு, கோயில், எங்கே போனாலும் அப்படித்தான். கூட்டத்தில் வந்து பின்னாலிருந்து என் தோளைப் பிடிப்பார். நான் எழுந்துவிடுவேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை அந்தச் சேற்றுக் கதையைச் சொல்வார். அப்பா தூக்கட்டுமா என்று கேட்டதைச் சொல்ல மாட்டார். அதை ஒரு நாளும் சொன்னதில்லை. பட்டுப்புடவையோடு மருமகள் பலகை தள்ளி வந்ததைச் சொல்வார், தன் தம்பி மூச்சுவிடாமல் பார்த்ததைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். பலகை படகை விட்டு நகர்ந்ததும் கதை நின்றுவிடும். "அப்புறம் என்ன, வந்து சேர்ந்தோம்" என்பார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு எங்களுக்குத் தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடியில் வாடகை வீடு கிடைத்தது. சாமான்கள் இன்னும் லாரியில் இருந்தன. அத்தை சாமி படத்தைக்கூட வைக்காமல் நேரே பின்பக்கம் போனார். அங்கே எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு கழிப்பறை. கதவு. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள்.

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எடுக்கிற சத்தம். மறுபடி விழும் சத்தம். பெரியம்மா வீட்டில் நான் செய்த அதே வேலை. உள்ளேயிருந்து சிரிப்பும் கேட்டது.

நான் வெளியே கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னையறியாமல் வந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"அஞ்சல, அங்கேயா நிக்கற?"

"ஆமாத்தே."

"எதுக்குடி நிக்கற? அதான் தாழ்ப்பா இருக்கே. போய் சாமான எறக்கு."

"சரித்தே" என்றேன். போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்."